மருத்துவர் தொலைவில், துப்பாக்கி அருகில்

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நியூயார்க் நகரில் பள்ளிக்குப் போகாமல் வாரக்கணக்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனைச் சிறுவர் நீதிமன்றம் ‘யூத் ஹவுஸ்’ என்னும் காப்பு இல்லத்துக்கு அனுப்பி வைத்தது. மூன்று வாரம் அங்கே வைத்து அவனை ஆராய்ந்தார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் நாள் முழுவதும் வேலைக்குப் போகிறவர். சிறுவன் தனியே தொலைக்காட்சி பார்த்தும் இதழ்களைப் புரட்டியும் பொழுதைக் கழித்து வந்தான். அறிவுக் கூர்மையில் குறைவில்லை, சராசரிக்கும் மேல். ஆனால் எவரோடும் ஒட்டாதவன், அன்புக்கு ஏங்கியவன். அவனைப் பரிசோதித்த மனநோய் மருத்துவர் ரெனாட்டஸ் ஹார்டாக்ஸ், இவனை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்துக் குழந்தைகள் உளநல மருத்துவமனை ஒன்றின் மூலம் சிகிச்சை அளிக்க வேண்டும், தாய்க்கும் ஆலோசனை தேவை என்று எழுதி வைத்தார்.

சிகிச்சை கிடைக்கவில்லை. அணுகப்பட்ட சமூகநல நிறுவனம் ஒன்று, தன்னிடம் ஏற்கெனவே கொள்ளும் அளவுக்குப் பிள்ளைகள் இருப்பதாகவும், இவனுக்கோ தீவிரச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும் கூறிக் கைவிரித்தது. தாயும் ஒத்துழைக்கவில்லை. 1954 ஜனவரியில் மகனை அழைத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போய்விட்டார். நீதிமன்றம் கோப்பை மூடியது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963 மார்ச்சில், அதே பையன் பொய்ப் பெயரில் விண்ணப்பித்து அஞ்சல் மூலம் ஒரு துப்பாக்கியை வரவழைத்தான். அஞ்சல் செலவு உட்பட விலை 21 டாலர் 45 சென்ட். அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் ஆஸ்வால்டே என்று வாரன் விசாரணைக் குழு 1964இல் முடிவு கூறியது. மேலே கண்ட சிறுவயதுச் செய்திகளும் அக்குழுவின் அறிக்கையில் உள்ளவையே.

அன்று சிகிச்சை கிடைத்திருந்தால் கென்னடி பிழைத்திருப்பாரா? எவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது அறிவியலும் ஆகாது. ஆனால் இரண்டு வாயில்களை மட்டும் பாருங்கள். மருத்துவத்தின் வாயிலில் ‘இடமில்லை’ என்ற பதில். துப்பாக்கியின் வாயிலில் 21 டாலர். அமெரிக்காவில் இன்றும் இந்த இரு வாயில்களுக்கும் இடையில்தான் எண்ணற்ற இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒன்று திறக்க மாதங்கள் ஆகின்றன; மற்றொன்று திறக்கச் சில நிமிடங்கள் போதும்.

மனநோய்தான் காரணமா?

பள்ளியிலோ கடைவீதியிலோ ஒருவன் கண்மண் தெரியாமல் சுட்டான் என்ற செய்தி வந்ததும், ‘அவன் பைத்தியக்காரன்’ என்று சொல்லிவிடுவது எளிது. அறிவியலார் இதை ஒப்புவதில்லை. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஸ்வான்சன் இத்துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். அமெரிக்காவில் நடைபெறும் வன்செயல்களில் கடுமையான மனநோயைக் காரணமாகக் கூறத்தக்கவை 100க்கு 4 அளவே என்பது அவருடைய கணக்கு. மனநோய் முழுவதையும் நாளைக்கே ஒழித்துவிட்டாலும் மீதி 96 பங்கு அப்படியே இருக்கும். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்தாதவர்கள்.

அப்படியானால் உளநல மருத்துவத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு? சாவுக் கணக்கைப் பார்த்தால் தெரியும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். இவர்களில் கொலையுண்டவர்கள் சுமார் 17,900. தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் சுமார் 27,300! செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருவது முதல் வகை. பெருந்தொகை இரண்டாம் வகையில் இருக்கிறது. 2020 முதற்கொண்டு, 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் சாவுக் காரணங்களில் மோட்டார் விபத்தைப் பின்னுக்குத் தள்ளித் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

பள்ளிகளில் சுட்டவர்களின் நிலைமையும் ஆராயத்தக்கது. குடியரசுத் தலைவரின் பாதுகாப்பை ஏற்றுள்ள இரகசியக் காவல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அந்நிகழ்ச்சிகளில் ஈடுபட்டோர் 41 பேர். அவர்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அதற்கு முன்பே தற்கொலையை எண்ணியவர்கள் அல்லது முயன்றவர்கள். ஆனால் எப்போதேனும் ஒருமுறை உளநலப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. பெரும்பாலான நிகழ்ச்சிகளில், என்ன நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே இன்னொருவருக்கு, பெரும்பாலும் உடன் படிக்கும் நண்பனுக்கு, தெரிந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கி வந்த இடம் சொந்த வீடு அல்லது உறவினர் வீடு. இவை பெயர் சூட்டப்பட்ட பெருநோய்கள் அல்ல; எவரும் கேட்காமல் விட்ட துயரங்கள்.

காலியான மருத்துவமனைகள்

அமெரிக்கா பணக்கார நாடாயிற்றே, அங்கே மருத்துவத்துக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1955இல் அந்நாட்டின் மாநில மனநோய் மருத்துவமனைகளில் சுமார் 5,58,000 பேர் அடைபட்டிருந்தனர். அவற்றில் பல, மருத்துவமனை என்பதைவிடச் சிறைச்சாலை என்ற பெயருக்கே பொருந்துவன. அதற்கு முந்திய ஆண்டுதான் குளோர்புரோமசீன் என்னும் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. காதில் குரல் கேட்பதையும் வீண் சந்தேகங்களையும் தணிக்கவல்ல முதல் மருந்து அது. நோயாளியை ஊருக்குள்ளேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. கென்னடிக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல் செய்யப்பட்ட மூளை அறுவை அப்பெண்ணின் வாழ்வையே முடக்கிவிட்டது. நாடெங்கும் சமூக உளநல நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் 1963 அக்டோபர் 31ஆம் நாள் கென்னடி கையெழுத்திட்டார். டல்லாஸ் நிகழ்ச்சிக்கு அப்போது மூன்று வாரமே இருந்தது.

சட்டத்தின் முதல் பாதி நிறைவேறிற்று, மருத்துவமனைகள் காலியாயின. 2016இல் மாநில மனநோய் மருத்துவமனைகளில் எஞ்சியிருந்த படுக்கைகள் 38,000க்கும் குறைவு. மக்கள் தொகையோ இதற்குள் இரு மடங்கை எட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி நிறைவேறவில்லை. எண்ணியிருந்த நிலையங்களில் பாதி அளவே எழுந்தன. 1980இல் கார்ட்டர் ஆட்சி அவற்றுக்குப் புத்துயிர் ஊட்ட ஒரு சட்டம் இயற்றியது. மறு ஆண்டே ரீகன் ஆட்சி அதன் பெரும் பகுதியை நீக்கி, உதவித் தொகையையும் குறைத்து மாநிலங்களின் தலையில் கட்டிவிட்டது.

கட்டணம் யார் கட்டுவது?

இளைஞர்களுக்கு இதனால் நேர்ந்த இடர் தனிப்பட்டது. மனநோய்களின் இயல்பே அப்படி. இருதய நோயும் மூட்டு நோயும் முதுமையில் வருவன. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டுகின்றன என்று ரொனால்டு கெஸ்லர் குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சம்பாதிக்கத் தொடங்காத வயதில் வரும் நோய். பெற்றோரின் இன்ஷூரன்சை நம்பியே மருத்துவம்.

பேச்சின் வாயிலாக அளிக்கும் உளச் சிகிச்சைக்கு ஒரு அமர்வுக்கு 100 முதல் 200 டாலர் வரை வாங்குவது அங்கே சாதாரணம். மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். நடுத்தரமாக 150 டாலர் என்று வைத்துக்கொண்டால், மகனின் ஒரு மணி நேரச் சிகிச்சைக்குத் தாய் ஏறத்தாழ 20 மணி நேரம் உழைக்க வேண்டும். ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு 12 அமர்வாவது வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உடல் நோய்க்கும் மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வேற்றுமை காட்டக் கூடாது என்று 2008இல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் இன்ஷூரன்சை ஏற்கும் மருத்துவர் வேண்டுமே! 2009-10இல் மற்றத் துறை மருத்துவர்களில் 100க்கு 89 பேர் தனியார் இன்ஷூரன்சை ஏற்றனர். மனநோய் மருத்துவர்களில் 55 பேரே ஏற்றனர். நிறுவனங்கள் தரும் தொகை குறைவு, எழுத வேண்டிய படிவங்கள் அதிகம். ரொக்கம் தரும் நோயாளிகளோ வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. ஏழைகளுக்கு அரசு நடத்தும் மெடிக்கெய்டு திட்டத்தை ஏற்போர் இன்னும் குறைவு. குழந்தைகளுக்கான மனநோய் மருத்துவர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். 2016இல் அந்நாட்டின் கவுண்டிகளில், அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளில், 100க்கு 70இல் அத்தகைய மருத்துவர் ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டில் சிகிச்சைக்குரிய மனக்கோளாறு இருந்த பிள்ளைகள் சுமார் 77 இலட்சம். அவர்களில் பாதிப்பேருக்கு எவ்விதச் சிகிச்சையும் கிடைக்கவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இந்த ஓட்டைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், இளவயதிலிருந்தே பேச அஞ்சும் கோளாறு உடையவன், தனக்கே ஆபத்து விளைவித்துக்கொள்ளக் கூடியவன் என்று 2005 டிசம்பரில் நீதித்துறை அலுவலர் ஒருவர் முடிவு செய்தார். மருத்துவமனையில் தங்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறு உத்தரவிட்டார். உத்தரவு தாளோடு நின்றது. அவன் சிகிச்சை பெறுகிறானா என்று பார்ப்பது யார் பொறுப்பு என்பதே எவருக்கும் தெரியவில்லை. துப்பாக்கி விற்கக் கூடாதவர் பட்டியலிலும் அவன் பெயர் ஏறவில்லை. 2007 ஏப்ரல் 16ஆம் நாள், முறைப்படி வாங்கிய இரு துப்பாக்கிகளால் அவன் 32 பேரைக் கொன்றான்.

இரண்டாவது, கிரே டீட்ஸ் என்னும் மாநில செனட்டரின் இல்லத்தில் நடந்தது. 2013 நவம்பரில் 24 வயதான அவர் மகனை அவசரச் சிகிச்சைக்கு உரியவன் என்று பரிசோதகர் கருதினார். சட்டப்படி அவனைப் பிடித்து வைக்கக் கூடிய நேரம் ஆறு மணி. அதற்குள் எந்த மருத்துவமனையிலும் படுக்கை கிடைக்கவில்லை என்று கூறி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவன் தந்தையைக் கத்தியால் தாக்கிவிட்டுத் துப்பாக்கியால் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். சுற்றுவட்டாரத்தில் சில மருத்துவமனைகளில் படுக்கைகள் காலியாகவே இருந்தன என்பது பின்னர்தான் தெரிந்தது. பிழைத்தெழுந்த டீட்ஸ், எங்கும் இடமில்லையெனில் மாநில மருத்துவமனை நோயாளியை ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்டத்தை 2014இல் கொண்டுவந்தார். சட்டம் இயற்றும் இடத்தில் இருந்தவருக்கே இந்த நிலை!

74 வாரமும் 5 நிமிடமும்

தாமதம் என்பது வெறும் தொல்லை அன்று; நோயையே அது மாற்றிவிடுகிறது. இல்லாத குரல்கள் கேட்பது, பிறர் தன்னை ஒழிக்கச் சதி செய்வதாக நம்புவது ஆகிய அறிகுறிகளோடு முதன்முறை நோயுறும் இளைஞர்களைப் பற்றி அமெரிக்கத் தேசிய மனநலக் கழகம் ‘ரெய்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தியது. 21 மாநிலங்களில் 34 மருத்துவ நிலையங்கள், 404 நோயாளிகள். அறிகுறி தோன்றியதிலிருந்து தக்க சிகிச்சை தொடங்கும் வரை அவர்கள் இழந்திருந்த காலத்தின் நடுமதிப்பு 74 வாரம்! ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. குறைந்த அளவு மருந்து, பேச்சுச் சிகிச்சை, குடும்பத்தாருக்குப் பயிற்சி, படிப்பும் வேலையும் தொடர உதவி ஆகிய நான்கையும் ஒரே குழுவினர் சேர்த்து அளித்தபோது நல்ல பலன் கிடைத்தது. ஆனால் 74 வாரத்துக்குள் வந்தவர்களிடமே அந்தப் பலன் மிகுதியாகத் தெரிந்தது. பிந்தி வந்தவர்கள் அவ்வளவு தேறவில்லை.

மறுபுறம் துப்பாக்கியின் கடிகாரத்தைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், தற்கொலைக்கு முயன்று சாவின் விளிம்புவரை சென்று மீண்ட 13 முதல் 34 வயது வரையுள்ள 153 பேரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பது கேள்வி. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்றவர்கள் 100க்கு 24 பேர். 2001இல் வெளியான ஆய்வு இது. வளரிளம் பருவத்தில், சற்றே பொறு என்று தடுக்கும் மூளையின் முன்பகுதி இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. அது முழு வளர்ச்சி அடைய 20 வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஐந்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரை முடிவு செய்கிறது. துப்பாக்கியை நாடியவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. எந்த வழியிலோ முயன்று ஒருமுறை பிழைத்துவிட்டவர்களிலோ பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துயரம் தணியக் கூடியதே. அதற்கு அவகாசம் வேண்டும்.

கருவியைச் சற்று எட்ட வைத்தாலே உயிர்கள் தப்பும் என்பதற்கு வேறு நாடுகளிலும் சான்று உண்டு. விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் இளம் வீரர்கள் துப்பாக்கியை உடன் கொண்டுபோவதை இஸ்ரேல் இராணுவம் 2006இல் நிறுத்தியது; வீரர்களிடையே தற்கொலை 100க்கு 40 அளவு குறைந்தது. இலங்கையில் துப்பாக்கி அன்று, பூச்சிமருந்துதான் எமன். கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும் 1998இலும் தடை செய்தபின், 2005க்குள் அங்குத் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. மக்களின் துயரம் அந்தப் பத்தாண்டில் பாதியாகிவிடவில்லை என்பதை நாம் அறிவோம்.

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 39 கோடிக்கு மேல். மக்கள் தொகையைவிட அதிகம். தோட்டா நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி உள்ள வீடுகளில் வாழும் பிள்ளைகள் 2015 கணக்கில் 46 இலட்சம். கடையில் வாங்குவோரின் பெயரைக் கணிப்பொறியில் சரிபார்க்கப் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகின்றன. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டாலும் பொதுவாக விற்கலாம் என்பது மத்தியச் சட்டம்.

மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஊர்ப் பள்ளியில் 2021 நவம்பர் 30ஆம் நாள் நடந்ததில் இந்த இரு கடிகாரங்களும் ஒன்றாக ஓடின. 15 வயது மாணவன் ஒருவன் கணக்குத் தாளில் துப்பாக்கியையும் இரத்தத்தையும் வரைந்து, தனக்கு உதவி வேண்டும் என்றும் எழுதியிருப்பதைக் காலையில் ஆசிரியை கண்டார். பெற்றோரை வரவழைத்த பள்ளி ஆலோசகர், 48 மணி நேரத்துக்குள் அவனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றார். வேலை இருக்கிறது என்று பெற்றோர் போய்விட்டார்கள். பையன் வகுப்புக்குத் திரும்பினான். நான்கு நாளுக்கு முன் தந்தை அவனுக்காக வாங்கிய கைத்துப்பாக்கி அவனுடைய பையில் இருந்தது. பையை எவரும் திறந்து பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள். 2024இல் பெற்றோர் இருவரையும் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது.

பந்து விளையாட்டு

சிகிச்சை என்றதும் மஞ்சத்தில் படுத்துக் கதை சொல்வதையே பலர் எண்ணுகிறார்கள். சிக்காகோ நகரின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் ‘யூத் கைடன்ஸ்’ என்னும் தொண்டு நிறுவனம் நடத்திவரும் வகுப்பு வேறு மாதிரியானது. ‘ஆண்மகனாதல்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. முதல் வகுப்பில் பையன்களை இருவர் இருவராக நிறுத்துவார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. அவன் பிடியிலிருந்து 30 விநாடியில் அதை வாங்க வேண்டும் என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே இழுபறி, குத்து, தரையில் உருளல். பிறகு ஆலோசகர் கேட்பார்: பந்தைத் தா என்று ஏன் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை? கேட்டால் கோழை என்று எண்ணியிருப்பான் என்பான் ஒருவன். பந்தை வைத்திருந்தவனிடம் திரும்பிக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான்.

இதுவே அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் சாரம். ஒரு நிகழ்ச்சிக்கும் நம் செயலுக்கும் இடையில் ஓர் எண்ணம் மின்னல் போல் தோன்றி மறைகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது உண்மையா என்று பார்க்கப் பழக்குகிறார்கள். தெருவில் முறைத்துப் பார்த்தவன் பகைவன்தானா, அல்லது வேறு கவலையில் இருந்தானா? சிக்காகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வகம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி இதை இருமுறை சோதித்தது. வகுப்பு நடந்த காலத்தில் வன்குற்றங்களுக்காகக் கைதாவது 100க்கு 45 முதல் 50 அளவு குறைந்தது. செலவு, ஒரு மாணவனுக்கு 2,000 டாலருக்குள். கைதுகள் குறைந்தது வகுப்பு முடிந்த பின்னும் நீடித்ததாக முதல் சோதனையில் தெரியவில்லை. ஆதலால் இதை மாயமருந்து என்று கொள்ள வேண்டா.

துப்பாக்கியின் பக்கத்திலும் வழிகள் இல்லாமல் இல்லை. நெருக்கடியில் இருப்பவரின் துப்பாக்கியைச் சில காலத்துக்கு அப்புறப்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் சட்டத்தைக் கனெக்டிகட் மாநிலம் 1999இல் முதலில் இயற்றியது. இத்தகைய 10 முதல் 20 உத்தரவுகளுக்கு ஓர் உயிர் வீதம் தப்பியது என்று ஸ்வான்சன் குழுவினர் கணக்கிட்டுள்ளனர். இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்னர் இதைப் பின்பற்றின. 2022 ஜூலையில் 988 என்ற மூன்று இலக்க எண்ணில் நெருக்கடிக்கால உதவித் தொலைபேசி நாடெங்கும் தொடங்கப்பட்டது.

அதற்கு முந்திய மே மாதம், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஊரில், 18 வயது நிறைந்தவுடன் துப்பாக்கி வாங்கிய ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றிருந்தான். அந்த அதிர்ச்சியில் இரு கட்சியினரும் சேர்ந்து ஜூன் 25ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கினால் சரிபார்க்கும் அவகாசம் பத்து வேலை நாள் வரை நீட்டப்பட்டது. பள்ளிகளில் உளநலப் பணியாளர்களை அமர்த்தவும் பயிற்றவும் 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அத்துறையினர் வகுத்த அளவு. நாட்டின் சராசரியோ 400ஐ ஒட்டி இருந்தது. மருத்துவரே இல்லாத கிராமப்புற மாவட்டங்கள் இப்பணத்தைக் கொண்டு ஆட்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றத் தொடங்கின. 2025 ஏப்ரல் இறுதியில், புதிய ஆட்சியின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று கூறிக் கல்வித் துறை இந்த மானியங்களைத் தொடர்வதில்லை என்று அறிவித்தது. பதினாறு மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன.